ஏழாம் கயிறு

இளவேனிலைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை மந்தாரக்குப்பம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், பிளக்கில் சொருகுகிற ஒயருக்குப் பயம். கிரைண்டர் சுவிட்சைப் போடுவதென்றால் செருப்பு மாட்டிக்கொண்டு வருவாள். இப்படிப்பட்டவள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் எடுத்துச் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டபோது தெருவே வாய்விட்டுச் சிரித்தது. "கரண்டப் பாத்தா ஓடற புள்ள, கரண்டயே படிக்கப் போவுதாம்" என்று எதிர்வீட்டு மாரியம்மாள் தண்ணீர்க் குழாயடியில் வைத்துச் சொன்னதை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. அப்பா வைத்திலிங்கம் அவள் பால்வாடிக்குப் போகிற வயதிலேயே காமாலையில் போய்விட்டார். அம்மா வீரம்மாளுக்குக் காண்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குகிற வேலை. ஷிப்டு முடிந்து வேன் தெருமுனையில் வந்து நிற்கும். பெண்கள் ஒவ்வொருவராக இறங்குவார்கள். சிறுமி இளவேனில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். எல்லாரும் இறங்கி, அம்மா இறங்காமல், வேன் கதவு சாத்திக்கொண்டு கிளம்பிவிடுகிற நாட்கள் உண்டு. ஓவர்டைம் என்று அம்மா பொழுது சாய்ந்து நடந்து வருவாள். "எங்கடி பூடுவேன்? இங்கதான இருக்கேன்" என்று தலையில் ஒரு தட்டு தட்டுவாள். தட்டு வாங்கிய பிறகுதான் பிள்ளைக்கு மூச்சு வரும். வளர்ந்து டிப்ளமா வாங்கி, வடலூரில் துரைராஜ் என்பவரின் சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், அந்த வேன் கதவு சாத்துகிற சத்தம் அவள் வயிற்றுக்குள் எங்கோ இருந்தது.

துரைராஜ் சுற்றுவட்டாரத்துத் தனியார் ஆலைகளில் கம்ப்யூட்டர், கன்ட்ரோல் சாமான் எல்லாம் பழுது பார்த்துக் கொடுப்பவர். அவருக்கு இளவேனிலின் பயம் ரொம்பப் பிடித்திருந்தது. "பயப்படற புள்ள பொருள ஒடைக்காது" என்பார். உண்மைதான். எதையும் தொடுவதற்கு முன் பார்ப்பாள், பார்த்ததை மறுபடி பார்ப்பாள். அவளால் இதுவரை ஒரு ஃபியூஸ் கூடப் போனதில்லை.

2014 ஐப்பசியில் ஓர் இடி விழுந்தது. விழுந்த இடம் மந்தாரக்குப்பத்தை ஒட்டியிருந்த ஒரு சாம்பல் யார்டு. பழுப்பு நிலக்கரி எரிந்த சாம்பலை வாங்கி, ஈரமாக்கி, பெல்ட்டில் ஏற்றி, லாரிகளில் கொட்டி அனுப்புகிற தனியார் இடம். வீரம்மாளும் அப்போது அங்கேதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் குவிகிற சாம்பலை வாரிப் போடுகிற வேலை.

அந்தப் பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதன் இரண்டு பக்கமும் நீளத்துக்குச் சிவப்புக் கயிறு ஓடும். ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் கயிற்றை இழுக்கலாம், பெல்ட் நிற்க வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு கயிற்றுப் பெட்டியிலிருந்தும் மோட்டாருக்கே நேராக ஒயர் போயிருந்தது. இழுத்தால் கரண்டு கட். நடுவில் ஒரு புண்ணியவான் வந்து, இத்தனை ஒயர் எதற்கு என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, பெட்டிகளை எல்லாம் ஒரே கேபிளில் கோத்துவிட்டான். அந்தக் கேபிளுக்குத்தான் பஸ் என்று பெயர். வடலூர் போகிற பஸ்ஸுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பெட்டிகள் அந்தக் கேபிளில் பேசும், கன்ட்ரோல் ரூமில் இருக்கிற கம்ப்யூட்டர் கேட்கும், கேட்டு மோட்டாரை நிறுத்தும். கம்ப்யூட்டர் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று அந்தப் புண்ணியவானிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் பெல்ட்டுக்கு அடியில் சாம்பல் வாரிக்கொண்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டர் பேச்சைப் பெல்ட்டுக்கு அடியில் போகிறவர்கள் என்றைக்கும் முழுசாக நம்பியதில்லை. அவர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. அடியில் போகிற பெண், தலையில் கட்டியிருக்கிற துண்டை அவிழ்த்து, தான் நுழைகிற இடத்தில் கயிற்றில் கட்டிவிட்டுப் போவாள். தலையெல்லாம் சாம்பல் ஆனாலும் சரி. வெளியே வந்த பிறகுதான் துண்டை அவிழ்ப்பாள். கயிற்றில் ஒரு துண்டு தெரிந்தாலும் ஆபரேட்டர் அய்யனார் பெல்ட்டை ஓட்ட மாட்டார். மேனேஜரே வந்து கத்தினாலும் ஓட்ட மாட்டார்.

இடி கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரைக் கருக்கிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கி வைத்தாகிவிட்டது. ஆனால் பழையதை அமைத்தவன் வளைகுடாவுக்குப் போய்விட்டான், போன் எடுப்பதில்லை. பெட்டிகள் என்ன வேகத்தில் பேசுகின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. பஸ்ஸில் எல்லாரும் ஒரே வேகத்தில்தான் பேச வேண்டும். கேட்கிறவன் வேறு வேகத்தில் காதை வைத்தால் ஒரு சொல்லும் தேறாது, வெறும் குப்பைதான் வந்து விழும். பெட்டிகளைத் திறந்து பார்க்கலாம் என்றால், எல்லாவற்றுக்குள்ளும் ஈரம் போகாமல் கருப்புப் பசையை ஊற்றி அடைத்திருந்தார்கள்.

"புரோகிராம் எழுதியே கண்டுபிடிச்சிடலாம் சார்" என்று துரைராஜிடம் சொன்னவள் இளவேனில்தான்.

அதற்கு இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு வேகத்திலும் "யார் இருக்கிறீர்கள்?" என்று குரல் கொடுத்துப் பார்ப்பது ஒன்று. ஆனால் தப்பான வேகத்தில் வாயைத் திறந்தால், பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேர் பேச்சும் குலைந்துபோகும். அந்த வழிப் பக்கமே அவள் போகவில்லை. அவள் எழுதிய புரோகிராம் வாயே திறக்காது. ஒரு வேகத்தில் காதை வைத்துச் சற்று நேரம் கேட்கும். குப்பையாக வந்தால் அடுத்த வேகத்துக்குப் போகும். எந்த வேகத்தில் பேச்சு பேச்சாகக் கேட்கிறதோ, அங்கே நின்றுகொள்ளும். பயந்தவள் எழுதிய புரோகிராம், அவளைப் போலவே ஓரமாக நின்று கவனிக்கிற ஜாதி. ஒன்றே ஒன்றில்தான் அவள் யோசிக்கவில்லை. வேகங்களை மேலேயிருந்து கீழே வரிசைப்படுத்தியிருந்தாள். பாடப்புத்தகத்தில் அட்டவணை அப்படி இருந்தது, அப்படியே போட்டுவிட்டாள். நீளமான கேபிளில் வேகம் குறைவாகத்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

யார்டுக்கு அவள் வந்த அன்று காலையிலிருந்தே தூறல். கேட்டில் வீரம்மாள் காத்திருந்தாள். மகள் கையிலிருந்த லேப்டாப் மேல் அவளுக்கு மகளிடம் இருந்ததைவிட அதிக மரியாதை. தலையிலிருந்த நீலக்கட்டம் போட்ட துண்டை அவிழ்த்து உதறினாள்.

"இத்த போத்தி வையிடி. சாம்ப பூந்துக்கினா பொட்டி கெட்டுப்பூடும்."

"ஒனக்கு வேணாமாம்மா?"

"பெல்ட்டே நாலு நாளா ஓடாம கெடக்குது, எனக்கு எதுக்கு? நீ போ, சூப்பர்வைசர் சார் பாத்துக்கினு இருக்காரு."

இளவேனில் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு கன்ட்ரோல் ரூமுக்குப் போனாள். கேபிளை மாட்டினாள். புரோகிராமை ஓட்டினாள். ஒன்றுமே வரவில்லை. குப்பை கூட வரவில்லை. பெல்ட் நிற்கும்போது பெட்டிகள் வாய்மூடிக் கிடக்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யாராவது பேசினால்தானே காது கேட்கும்? யாரையாவது நிறுத்தி ஒரு கயிற்றை இழுத்து இழுத்து விடச் சொல்லியிருக்கலாம். பெட்டி பேசியிருக்கும், பெல்ட் ஓடியிருக்கவே வேண்டாம். ஆனால் மழையில் ஓர் ஆளை நிற்க வையுங்கள் என்று சூப்பர்வைசர் தங்கராசுவிடம் போய்க் கேட்க அவளுக்குக் கூச்சம். பெல்ட் ஓடினால், சக்கரம் சுற்றுகிறதா என்று பார்க்கக் கடைசிச் சக்கரத்தில் வைத்திருக்கிற பெட்டி தானாகவே பேசிக்கொண்டிருக்கும்.

"அண்ணே, பெல்ட்ட கொஞ்ச நேரம் ஓட்டறீங்களா?"

அய்யனார் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கினார். "ஓட்டலாம் பாப்பா. ஆனா கம்ப்யூட்டர் இல்லாம ஓட்டணும். கெளம்பறதுக்கு முன்ன சங்கு ஊதாது, கயிறும் வேல செய்யாது. துண்டு கட்டிருக்குதா, பாத்துட்டு சொல்லு. நா பேனலாண்ட நிக்கறேன்."

இளவேனில் மேடையில் ஏறி நின்று பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கயிற்றின் நீளம் முழுக்கப் பார்த்தாள். நடுவிலே, ஏழாம் பெட்டிக்குப் பக்கத்தில், மஞ்சளாக ஒரு துணிப்பை தொங்கியது. கல்யாண வீடுகளில் தேங்காய் போட்டுக் கொடுக்கிற பை. மந்தாரக்குப்பத்தில் வீட்டுக்கு ஒரு டஜன் இருக்கும். யாரோ சோற்றுப் பையை நாய் தூக்காமல் மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். மறுபடியும் ஒருமுறை பார்த்தாள். துண்டு எதுவும் இல்லை.

"துண்டு இல்லீங்கண்ணே!"

அய்யனார் விசில் ஊதினார். ஏழாம் பெட்டிப் பக்கத்தில் தண்ணீர் பம்பு இரைந்துகொண்டிருந்தது, விசில் அங்கே எட்டவில்லை. பட்டனை அழுத்தினார். பெல்ட் ஒரு குலுங்கு குலுங்கி நகர ஆரம்பித்தது.

இளவேனில் ஓடி வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். முதல் வேகத்தில் குப்பை. குப்பை வந்ததே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, பஸ்ஸில் யாரோ பேசுகிறார்கள் என்று அர்த்தம். அடுத்த வேகம், குப்பை. அதற்கடுத்ததும் குப்பை. ஜன்னல் வழியாகப் பறந்து வந்த சாம்பல் திரையில் படிந்தது. பக்கத்திலிருந்த துண்டை எடுத்துத் துடைத்தாள். துடைக்கும்போது முனையில் ஒரு முடிச்சு விரலில் தட்டியது. வீட்டுச் சாவி. அம்மா துண்டு முனையில்தான் சாவியை முடிந்து வைப்பாள்.

அம்மா துண்டு.

சட்டென்று கை நின்றுவிட்டது. அம்மாவிடம் வேறு துண்டு இருக்கும் என்று மனசு சொன்னது. இருக்காது என்று அதே மனசு சொன்னது. அம்மா டீ குடித்துக்கொண்டிருப்பாள், பெல்ட்தான் நாலு நாளாக ஓடவில்லையே, அடியில் ஏன் போகிறாள்? ஓடாத நாளில்தானே அடியில் நன்றாக வார முடியும், பைத்தியமே! துண்டு இல்லாவிட்டால் வேறு எதையாவது கட்டுவாளே அவள், ஒன்றும் கட்டாமல் போகிற ஆளா? அந்த மஞ்சள் பை கண்முன் வந்து நின்றது. காலையில் அந்தப் பையில் சோற்றுத் தூக்கை வைத்துக் கொடுத்தவளே இளவேனில்தான்.

அப்போதுதான் திரையில் குப்பை நின்றது. புரோகிராம் கீழே இறங்கி இறங்கி, நூற்றிருபத்தைந்து என்ற வேகத்தில் வந்து காதை வைத்திருந்தது. பேச்சு பேச்சாக விழ ஆரம்பித்தது. கடைசிச் சக்கரம் சுற்றுகிறது என்று ஒரு வரி. அதற்குக் கீழே, ஏழாம் கயிறு இழுபட்டது. ஏழாம் கயிறு விடுபட்டது. ஏழாம் கயிறு இழுபட்டது. விடுபட்டது. இழுபட்டது.

கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. நாற்காலி சாய, லேப்டாப் கேபிள் காலில் சிக்க, அதை உதறிவிட்டு வெளியே ஓடினாள். கிரைண்டர் சுவிட்சுக்குச் செருப்பு மாட்டுகிற பெண், மழையில் வெறுங்காலோடு அய்யனாரை இடித்துத் தள்ளிவிட்டு பேனலின் சிவப்பு பட்டனில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினாள்.

பெல்ட் உடனே நிற்கிற சாமான் அல்ல. முனகிக்கொண்டே கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றது. அந்தக் கொஞ்ச தூரத்தில் இளவேனில் செத்துப் பிழைத்தாள். பிறகு ஓடினாள். ஏழாம் பெட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வேன் கதவு சாத்துகிற சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா என்று கூப்பிடப் பயமாக இருந்தது. கூப்பிட்டு, பதில் வராவிட்டால்?

மஞ்சள் பை அப்படியே தொங்கியது. அதற்குக் கீழே வீரம்மாள் மல்லாக்கக் கிடந்தாள். சேலைத் தலைப்பு அடி உருளையில் சுருட்டிக்கொண்டு, போட்டிருந்த ஆம்பிளைச் சட்டையையும் சேர்த்துத் தோள்வரை இழுத்திருந்தது. வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்து சாம்பலும் ரத்தமுமாக இருந்தது. இடது கை மேலே நீண்டு, கயிற்றைப் பிடித்தபடி இருந்தது. பெல்ட் நின்றது தெரியாமல் அந்தக் கை இன்னும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா! நின்னுப்போச்சும்மா. வுடும்மா கயித்த."

வீரம்மாள் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். "கேட்டுச்சாடி?" என்றாள்.

"கேட்டுச்சும்மா."

அய்யனார் கத்தியால் தலைப்பை அறுத்தார். ஆட்கள் கூடிவிட்டார்கள். தங்கராசு குடையைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். அடிபட்டவளைப் பார்க்குமுன் பேனல் பக்கம் பார்த்தார். அது அவர் வழக்கம்.

"யாரு பெல்ட்ட ஓட்டச் சொன்னது?"

அய்யனார் கத்தியை மடக்கினார். இளவேனிலைப் பார்க்கவே இல்லை. நல்ல மனுஷன், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதிலைச் சொன்னவள் தரையில் கிடந்தவள்தான்.

"துண்டு கட்டாம உள்ள பூந்துட்டேன் சார். என் தப்புதான். யாரயும் ஒண்ணும் சொல்லாதீங்க."

வழக்கத்தை மீறினவளுக்கு அந்த யார்டில் மறுநாள் வேலை இருக்காது. அது எல்லாருக்கும் தெரியும். இளவேனில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். வாயைத் திறக்காமல் இருப்பதில் அவளுக்கு இருபத்து நாலு வருஷப் பழக்கம். துரைராஜ் முகம், வேலை, போலீஸ் எல்லாம் ஒன்றாக மண்டையில் ஓடியது.

"துண்டு எங்கிட்ட இருந்துச்சு சார்" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "அம்மா பையக் கட்டி வெச்சிருந்தாங்க. நான் பாத்தேன். பாத்துட்டுதான் துண்டு இல்லன்னு சொன்னேன். ஓட்டச் சொன்னது நான்தான்."

"வாய மூடுடி" என்றாள் வீரம்மாள். வலியைவிட அந்தக் கோபம்தான் அவள் முகத்தில் பெரிதாக இருந்தது.

அதன் பிறகு நடந்ததில் அழகாக ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி, தையல், விசாரணை. துரைராஜ் இளவேனிலைக் கூப்பிட்டு வைத்துத் திட்டினார், ஆனால் வேலையை விட்டு நிறுத்தவில்லை. தங்கராசு வீரம்மாளை நிறுத்தத்தான் பார்த்தார். சாம்பல் வாருகிற பெண்கள் அத்தனை பேரும், கயிற்றிலிருந்து மோட்டாருக்குப் பழையபடி நேர் ஒயர் போடுகிறவரை அடியில் போக மாட்டோம், வீரம்மாள் இல்லாமலும் போக மாட்டோம் என்று கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒயர் வந்தது. பிடுங்கிப் போடுவதற்கு முன்னாலேயே அது அங்கேதான் இருந்தது என்பதை யாரும் தங்கராசுவுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

இளவேனில் புரோகிராமைத் திருத்தினாள். வேகங்களை இப்போது கீழேயிருந்து மேலே வைத்தாள். அந்த ஒரு திருத்தத்துக்கு ஆன நேரம் ஒரு வாய் டீ குடிக்கிற நேரம். அதை முன்பே செய்திருந்தால் அம்மா கையில் எவ்வளவு தோல் மிஞ்சியிருக்கும் என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பல நாள் ராத்திரி போட்டுப் பார்த்தாள், சோறு இறங்கவில்லை.

கம்ப்யூட்டரை ஒப்படைக்கிற நாளில், ஒவ்வொரு கயிற்றையும் இழுத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. பெல்ட் ஓடவில்லை. அய்யனார் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அப்படியும் இளவேனில் பெல்ட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடந்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, பதில் வாங்கிக்கொண்டுதான் அறைக்குத் திரும்பினாள். ஏழாம் கயிற்றை நான்தான் இழுப்பேன் என்று வீரம்மாள், கட்டுப் போட்ட கையோடு போய் நின்றுகொண்டாள். அவளிடம் இப்போது இரண்டு துண்டு. ஒன்று கயிற்றில் இருந்தது. இன்னொன்று லேப்டாப் மேல்.

போன் அடித்தது.

"இழுத்தேன்டி. கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

போனை அப்படியே வைத்திருக்கலாம். இளவேனிலால் வைக்க முடியவில்லை.

"அம்மா, அன்னிக்கு ஒடனே கேக்கல. லேட்டாத்தாம்மா கேட்டுச்சு."



"தெரியும்டி" என்றாள் வீரம்மாள். "எத்தினி வாட்டி இழுத்தேன்னு எனக்குத் தெரியாதா?"

இளவேனிலுக்குத் திரை கலங்கித் தெரிந்தது. துண்டு முனையால் கண்ணைத் துடைத்தாள். சாவி முடிச்சு கன்னத்தில் உரசியது.

"இன்னொரு வாட்டி இழும்மா" என்றாள்.

வரி உடனே விழுந்தது. கேட்டது என்று சொன்னாள். சொல்லிவிட்டு, இன்னொரு முறை இழுக்கச் சொன்னாள்.